குழந்தையைப் பார்க்கிற கேஸ்ல ஆம்பட்ஸ்மன்கிட்ட போறீங்களா? போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க (இங்கிலாந்து)

என் பொண்ணைப் பார்க்கிறதுக்காக இங்க ஃபேமிலி கோர்ட்ல கேஸ் நடந்துச்சு. கவுன்சில் (இங்க உள்ளாட்சிக்கு அந்தப் பேரு) சோஷியல் வொர்க்கர் கோர்ட்டுக்குக் கொடுத்த ரிப்போர்ட்ல, அப்பா மூணு தடவை கான்டாக்ட் சென்டருக்கு, அதாவது பிரிஞ்சு இருக்கிற பெற்றோர் குழந்தையைப் பார்க்கிற இடத்துக்கு, வரலைன்னு ஒரு வரி. அதுல ரெண்டு தடவை சென்டரே கேன்சல் பண்ணினது, அந்த மெசேஜ் இன்னும் என் ஃபோன்ல இருக்கு. நான் செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா, அந்த மெசேஜை ஜட்ஜ் முன்னாடி வைக்காம, கவுன்சிலுக்குப் புகார், அதுக்கு மேல புகார், அப்புறம் ஆம்பட்ஸ்மன் (அமைப்புகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற தனி அதிகாரி)னு பதினோரு மாசம் ஓடினேன். கடைசில வந்தது ரெண்டு பக்க லெட்டர். உங்க வருத்தம் புரியுது, ஆனா இதை விசாரிக்க சட்டம் எங்களுக்கு இடம் கொடுக்கல, அவ்வளவுதான்.

ஆம்பட்ஸ்மன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க சொன்னது சரி. நம்ம ஊர் பழக்கம் எனக்கு. தாலுகா ஆபீஸ்ல நடக்கலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு, அங்கயும் நடக்கலைன்னா முதல்வர் தனிப்பிரிவுன்னு மேல மேல போட்டுக்கிட்டே இருந்தா யாராவது ஒருத்தர் கண்ணுல படும்னு நினைச்சேன். இங்க அப்படி இல்ல. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி பூட்டு, தப்பான கதவைத் தட்டிக்கிட்டு நிக்கும்போது சரியான கதவு சாத்திரும், அதுக்கெல்லாம் தேதி இருக்கு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். இது இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல ஆம்பட்ஸ்மனே வேற. அப்புறம் நான் வக்கீல் இல்ல, அடிபட்டவன். தேதி, ஃபீஸ் எல்லாம் கவர்மெண்ட் சைட்ல ஒரு தடவை சரிபார்த்துட்டுப் போங்க.

1. உங்க பிரச்சனை கோர்ட் பக்கமா, ஆபீஸ் பக்கமா?

இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, இங்க கோட்டை விட்டா மிச்சம் எதுவும் உதவாது.

கவுன்சிலைப் பத்தின புகாரைப் பார்க்கிறவங்க லோக்கல் கவர்மெண்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மன். அவங்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது 1974ம் வருஷத்து லோக்கல் கவர்மெண்ட் ஆக்ட். அதே சட்டம்தான் ரெண்டு இடத்துல தடுப்பும் போட்டிருக்கு. ஒண்ணு, கோர்ட் கேஸ் ஆரம்பிச்சதையும் அது நடந்த விதத்தையும் தொடவே கூடாது. ரெண்டு, நீங்க கோர்ட்டுக்குப் போய் தீர்த்துக்கக்கூடிய விஷயம்னா, அங்க போகச் சொல்றது நியாயமில்லைன்னு தோணினா ஒழிய அவங்க எடுக்கக் கூடாது.

மொத தடுப்புலதான் நம்ம ஆளுங்க விழுறது. சில்ட்ரன் ஆக்ட் 1989ல செக்ஷன் 7னு ஒண்ணு இருக்கு, குழந்தை நலனைப் பத்தி ரிப்போர்ட் கொடுங்கன்னு ஜட்ஜ் கவுன்சிலையோ காஃப்காஸையோ (ஃபேமிலி கோர்ட்டுக்கு உதவுற அமைப்பு) கேட்கிறது அதுலதான். அந்த ரிப்போர்ட்ல என்ன எழுதினாங்க, எதை விட்டாங்க, யார்கிட்ட பேசல, என்ன சிபாரிசு பண்ணாங்க, இதெல்லாம் கேஸ் நடந்த விதத்துக்குள்ள வந்துரும். செக்ஷன் 37 ரிப்போர்ட்டும் (குழந்தையைக் கவுன்சில் பொறுப்புல எடுக்கணுமான்னு பார்க்கச் சொல்லி கோர்ட் கேட்கிறது) அப்படித்தான், சோஷியல் வொர்க்கர் சாட்சி சொன்னதும் அப்படித்தான். கேஸ் முடிஞ்சுட்டா இந்தத் தடுப்பு விலகிரும்னு நான் நினைச்சேன், விலகாது.

சரி, அப்போ எதைத்தான் பார்ப்பாங்க? கோர்ட் இருந்தாலும் இல்லாட்டியும் கவுன்சில் செய்ய வேண்டிய ஆபீஸ் வேலையை. சைல்ட் ப்ரொடெக்ஷன் கான்ஃபரன்ஸுக்கு (குழந்தை பாதுகாப்பைப் பத்திக் கவுன்சில் நடத்துற மீட்டிங்) கூப்பிடாதது, மினிட்ஸ், அதாவது அந்த மீட்டிங் குறிப்பு, அனுப்பாதது, லெட்டரைத் தப்பான அட்ரஸுக்குப் போட்டது, கோர்ட்டுக்குப் போகாத ஒரு அசெஸ்மெண்ட்டை மாசக்கணக்கா இழுத்தது, புகார் கொடுத்தா நடத்த வேண்டிய முறைப்படி நடத்தாதது, இந்த மாதிரி. இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அதே அசெஸ்மெண்ட் பின்னாடி கோர்ட் பேப்பரோட சேர்ந்துட்டா, ரெண்டையும் பிரிக்க முடியலைன்னு சொல்லி விட்டுருவாங்க.

நான் இப்ப யாராவது கேட்டா ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன். இதை ஜட்ஜ்கிட்ட சொல்லியிருக்க முடியுமா? முடியும்னா அது கோர்ட் பக்கம்.

இன்னொண்ணு, மனசைத் திடப்படுத்திக்கோங்க. ஆம்பட்ஸ்மன் உங்க பக்கம் தீர்ப்பு சொன்னாக்கூட குழந்தையைப் பார்க்கிற நாள் ஒண்ணு கூட அதிகமாகாது. ஆர்டரை மாத்துற அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான்.

2. புகார் எழுதறதுக்கு முன்னாடி காலண்டர்ல 21 நாள் எண்ணுங்க

கோர்ட் ஆர்டர் தப்புன்னு தோணுச்சுன்னா அப்பீல் பண்ண 21 நாள். எப்பலேர்ந்து? முடிவு சொன்ன தேதிலேர்ந்து. சீல் வெச்ச ஆர்டர் தபால்ல வந்த நாள்லேர்ந்து இல்ல. எனக்கு அந்தப் பேப்பர் கைக்கு வரும்போதே பாதி நாள் போயிருச்சு, மிச்சப் பாதியை நான் கவுன்சிலுக்கு மெயில் அடிச்சே கழிச்சேன். கேஸ் நடக்கும்போது நடுவுல போடுற நடைமுறை உத்தரவுகளுக்கு இன்னும் குறைவு, 7 நாள்.

புகார் கொடுத்திருக்கேன், அதனால அப்பீல் தேதி நிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. புகார் எந்தக் கடிகாரத்தையும் நிறுத்தாது. லேட்டா போட்டா டைம் நீட்டிக் கேட்கலாம்தான், ஆனா ஆம்பட்ஸ்மன் பதிலுக்காகக் காத்திருந்தேன்னு சொன்னா அது நல்ல காரணமா எடுபடும்னு எதிர்பார்க்காதீங்க. அப்பீல்னா மொத்தத்தையும் மறுபடி விசாரிக்கிறதும் இல்ல. முடிவு தப்பா இருக்கணும், இல்ல நடைமுறைல பெரிய கோளாறு நடந்து அதனால அநியாயமாகி இருக்கணும். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் போட்ட ஆர்டர்னா அப்பீலுக்கு முதல்ல பெர்மிஷன் வாங்கணும். ஜட்ஜ் சொன்னது எழுத்துல வேணும்னா டிரான்ஸ்கிரிப்ட் கேட்க ஈஎக்ஸ்107னு ஒரு ஃபார்ம், அதுக்குக் காசு ஆகும், எத்தனை நேரம் ஹியரிங் நடந்துச்சோ அதைப் பொறுத்து. தீர்ப்பு சொன்ன பகுதி மட்டும் கேளுங்க, முழு ஹியரிங்கும் கேட்டு கையைச் சுட்டுக்காதீங்க.

ஹியரிங் இன்னும் முடியலைன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னிக்கே உக்காருங்க. பத்தி நம்பர் போட்டு, இந்தப் பத்தில இப்படி இருக்கு, உண்மை இது, ஆதாரம் இதுன்னு ரெண்டு பக்கத்துக்குள்ள ஒரு ஸ்டேட்மெண்ட். என் கேஸ்ல அது இவ்வளவுதான் இருந்திருக்கணும்: "பத்தி 14. மூணு விசிட்டுக்கு வரலைன்னு இருக்கு. ஜூன் 8, ஜூன் 22 ரெண்டையும் சென்டர் கேன்சல் பண்ணியது, மெசேஜ் நகல் இணைப்பு 1, 2. ஜூலை 6 மட்டும் நான் வரலை, காய்ச்சல், அன்னிக்குக் காலை 8 மணிக்கே சொல்லிட்டேன், இணைப்பு 3." நாலு வரி. இதை எழுத வேண்டிய நேரத்துல எழுதாம பதினோரு மாசம் கழிச்சு ஒன்பது பக்கத்துல எழுதினேன்.

அதோட, ரிப்போர்ட் எழுதினவங்களைக் கேள்வி கேட்கணும், ஃபைனல் ஹியரிங்குக்கு அவங்க வரணும்னு ஜட்ஜ்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. அன்னிக்குப் போய் கேட்டா அவங்க அங்க இருக்க மாட்டாங்க. விட்டுப்போன விஷயம் பெருசுன்னா அடென்டம் ரிப்போர்ட், அதாவது கூடுதல் ரிப்போர்ட் ஒண்ணு கேட்கலாம். இங்கிலீஷ் தடுமாறும்னா இன்டர்ப்ரெட்டர் வேணும்னு கோர்ட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க, குழந்தை கேஸ்ல அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க, மச்சானையோ தங்கச்சியையோ கூட்டிட்டுப் போய் மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க.

3. யார் மேல புகார்? கதவைப் பாருங்க

ஆம்பட்ஸ்மன்னு ஒருத்தர்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு எண்ணித் தெரிஞ்சதே நாலு பேர்.

கவுன்சில் சோஷியல் வொர்க்கர், கவுன்சில் ஆபீஸ்: முதல்ல கவுன்சில் புகார் முறை, அப்புறம் மேல சொன்ன லோக்கல் கவர்மெண்ட் ஆம்பட்ஸ்மன். நேரா நீங்களே போகலாம்.

காஃப்காஸ்: இது கவுன்சில் இல்ல, ஃபேமிலி கோர்ட்டுக்கு உதவ 2001ல ஆரம்பிச்ச தனி அமைப்பு. முதல் ஹியரிங்குக்கு முன்னாடி அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஃபோன்ல பேசி, குழந்தைக்கு ஆபத்து ஏதாவது இருக்கான்னு கோர்ட்டுக்குச் சொல்ற சேஃப்கார்டிங் லெட்டர் அனுப்புறது இவங்கதான். முதல்ல காஃப்காஸ்லயே புகார் கொடுத்து முடிக்கணும். அதுக்கு மேல பார்லிமெண்டரி அண்ட் ஹெல்த் சர்வீஸ் ஆம்பட்ஸ்மன், ஆனா அவங்ககிட்ட நீங்க நேரா போக முடியாது, உங்க ஏரியா எம்பி வழியாத்தான் போகணும். 1967ம் வருஷத்து சட்டம் அப்படி. எம்பி ஆபீஸ்ல சர்ஜரி இருக்குன்னு சொல்வாங்க, பயந்துடாதீங்க, மக்களைச் சந்திக்கிற நேரத்துக்கு இங்க அந்தப் பேரு. பெரும்பாலும் கேஸ்வொர்க்கர்தான் பார்ப்பாங்க, ஃபார்மை நீங்களே நிரப்பிக் கொண்டுபோனா எம்பி கையெழுத்து மட்டும்தான் பாக்கி, வேலை சீக்கிரம் முடியும். விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து 12 மாசத்துக்குள்ள எம்பிகிட்ட போயிருக்கணும். இங்கயும் அதே தடுப்புதான், காஃப்காஸ் ரிப்போர்ட்ல எழுதினது தப்பா சரியான்னு பார்க்க மாட்டாங்க.

கோர்ட் ஸ்டாஃப், பேப்பர் தொலைஞ்சது, மெயிலுக்குப் பதில் இல்ல, இந்த மாதிரி: எச்எம்சிடிஎஸ்ல (கோர்ட்டுகளை நடத்துற அரசு அமைப்பு) புகார், அது முடிஞ்சதும் எம்பி வழியா அதே பார்லிமெண்டரி ஆம்பட்ஸ்மன். ஜட்ஜ் சொல்லி ஸ்டாஃப் செஞ்ச வேலைன்னா அது கணக்குல வராது.

ஜட்ஜ்: தீர்ப்பு பிடிக்கலைன்னா அப்பீல் மட்டும்தான், வேற வழி கிடையாது. கத்தினாங்க, அசிங்கப்படுத்தினாங்க, இனத்தைச் சொல்லிப் பேசினாங்கன்னா மட்டும் ஜுடிஷியல் கான்டக்ட் இன்வெஸ்டிகேஷன்ஸ் ஆபீஸ். 3 மாசம்தான் டைம். அந்த ஆபீஸ் உங்க புகாரைச் சரியா நடத்தலைன்னா அதுக்கு மேல ஜுடிஷியல் அப்பாயின்ட்மெண்ட்ஸ் அண்ட் கான்டக்ட் ஆம்பட்ஸ்மன், 28 நாளுக்குள்ள. அவரும் தீர்ப்பைத் தொட மாட்டார், புகாரை நடத்தின விதத்தை மட்டும் பார்ப்பார்.

உங்க வக்கீல்: அவங்க ஃபர்ம்ல எழுதிக் கொடுத்து 8 வாரம் பாருங்க, அப்புறம் லீகல் ஆம்பட்ஸ்மன். ஃபர்மோட கடைசிப் பதில் வந்து 6 மாசத்துக்குள்ள, அதோட சம்பவம் நடந்து அல்லது உங்களுக்குத் தெரிஞ்சு 1 வருஷத்துக்குள்ள. 2023 ஏப்ரலுக்கு முன்னாடி இது 6 வருஷமா இருந்துச்சு, பழைய தகவலைப் பார்த்து ஏமாறாதீங்க. எதிர்த்தரப்பு வக்கீல் மேல இவங்ககிட்ட போக முடியாது, சொலிசிட்டர்னா அவங்களைக் கண்காணிக்கிற எஸ்ஆர்ஏ.

சோஷியல் வொர்க்கர் தனி ஆளா ரொம்ப மோசமா நடந்துக்கிட்டாங்கன்னா சோஷியல் வொர்க் இங்கிலாந்து. 2019 டிசம்பர்லேர்ந்து இவங்கதான் ரெகுலேட்டர். தொழில் பண்ணத் தகுதி இருக்கான்னு பார்க்கிற இடம் அது, ஒரு வரி தப்பா எழுதினதுக்கெல்லாம் போய் நிக்காதீங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரே லெட்டரை அஞ்சு இடத்துக்கும் காப்பி போட்டு அனுப்பினான், அஞ்சு பேரும் இது எங்க வேலை இல்லன்னு எழுதினாங்க, அதை அவன் ஃபைல் பண்ணி வெச்சிருக்கான்.

4. பேப்பர் சேர்க்கிறது

கவுன்சில் உங்களைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்குன்னு தெரியாம புகார் எழுதாதீங்க. சப்ஜெக்ட் ஆக்ஸஸ் ரிக்வெஸ்ட் போடுங்க, சுருக்கமா சார்னு சொல்வாங்க. இலவசம். ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கணும், சிக்கலான கேஸ்னா இன்னும் ரெண்டு மாசம் நீட்டலாம், ஆனா நீட்டுறதை முதல் மாசத்துக்குள்ளயே சொல்லிரணும். மெயில் போதும், இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் என்னைப் பத்தின கேஸ் நோட்ஸ், மெயில், ஃபோன் குறிப்பு, மீட்டிங் மினிட்ஸ்னு தேதி போட்டுக் கேளுங்க. எல்லாம் கொடுங்கன்னு கேட்டா இழுக்கிறதுக்கு அவங்களுக்கு ஒரு சாக்கு.

வர்ற பேப்பர்ல பாதி கறுப்பு அடிச்சிருக்கும். அம்மாவைப் பத்தினது, பள்ளிக்கூடத்துல சொன்னதுன்னு. அதுக்காகச் சண்டை போட்டு மூணு மாசம் போக்காதீங்க, தெரியுற வரிகள்லயே நிறைய கிடைக்கும். எனக்குக் கிடைச்சது என்னன்னா, சென்டர் கேன்சல் பண்ணின விஷயத்தை அவங்களே சோஷியல் வொர்க்கருக்கு ஃபோன்ல சொன்ன குறிப்பு, தேதியோட, ஃபைல்லயே இருந்துச்சு. ஹியரிங்குக்கு முன்னாடி நான் இதைக் கேட்டு வாங்கியிருந்தா... விடுங்க.

ஃபைல்ல இருக்கிற தகவல் தப்புன்னா, பிறந்த தேதி, அட்ரஸ், நடக்காத சம்பவம் இந்த மாதிரின்னா, ரெக்டிஃபிகேஷன், அதாவது திருத்தம் கேட்கலாம், மறுத்தா தனிநபர் தகவல் பாதுகாப்பைப் பார்க்கிற ஐசிஓகிட்ட போகலாம். சோஷியல் வொர்க்கரோட அபிப்பிராயத்தை அழிக்க மாட்டாங்க, அதிகபட்சம் உங்க மறுப்பைப் பக்கத்துல சேர்த்து வெப்பாங்க. அதுவும் பிரயோஜனம்தான், அடுத்த சோஷியல் வொர்க்கர் வரும்போது ஃபைலைத்தான் முதல்ல படிப்பாங்க.

இப்ப முக்கியமான ஒரு எச்சரிக்கை. குழந்தை கேஸ் பேப்பர் எல்லாம் ரகசியம். புகார் கொடுக்கிறதுக்கும் புகாரை நடத்துறதுக்கும் தேவையான அளவு கேஸ் தகவலைச் சம்பந்தப்பட்ட அமைப்புக்குச் சொல்லலாம், ஃபேமிலி ப்ரொசீஜர் ரூல்ஸ்லயே அதுக்கு இடம் இருக்கு. ஆனா அதே ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுறது, பேஸ்புக்ல குழந்தை பேரோட எழுதுறது, இதெல்லாம் கோர்ட் அவமதிப்பு வரைக்கும் போகும். தமிழ்லதானே எழுதினேன், யாருக்குப் புரியும்னு நினைக்காதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்த்து எதிர்த்தரப்பு கோர்ட்ல வெச்சா அப்புறம் உங்களைப் பத்தின ரிப்போர்ட்ல அதுவும் ஒரு பத்தி.

5. கவுன்சில்ல புகார் கொடுக்கிறது

ஆம்பட்ஸ்மன்கிட்ட போறதுக்கு முன்னாடி கவுன்சிலுக்கு பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்திருக்கணும். குழந்தைங்க சம்பந்தப்பட்ட புகாருக்குக் கவுன்சில்ல ரெண்டு ரோடு இருக்கு, முதல் மெயில்லயே எந்த ரோட்டுல எடுக்கறீங்க, ஏன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

ஒண்ணு, 2006 ரெகுலேஷன்ஸ்படி நடக்கிற மூணு ஸ்டேஜ் முறை. முதல் ஸ்டேஜ் 10 வேலை நாள், நீட்டினா 20. ரெண்டாவதுல ஒரு இன்வெஸ்டிகேட்டிங் ஆபீசரும், கூட வெளியாள் ஒருத்தரும், 25 வேலை நாள், நீட்டினா 65. மூணாவது ரிவ்யூ பேனல், ரெண்டாவது ஸ்டேஜ் பதில் வந்து 20 வேலை நாளுக்குள்ள நீங்க கேட்கணும். நடந்து 1 வருஷத்துக்குள்ள புகார் கொடுத்திருக்கணும். முதல் ஸ்டேஜ் பதில்ல திருப்தி இல்லைன்னு நீங்க ரெண்டாவது கேட்டா, தேவையில்லைன்னு கவுன்சில் சும்மா மறுக்கக் கூடாது. மறுத்தா அதுவே ஆம்பட்ஸ்மன் எடுக்கிற தப்பு.

இன்னொண்ணு கவுன்சிலோட பொதுவான புகார் முறை, ரெண்டு ஸ்டேஜ்தான். சைல்ட் ப்ரொடெக்ஷன் விசாரணை பத்தின புகாரெல்லாம் வழக்கமா இந்தப் பக்கம் தள்ளுவாங்க. 2024ல ஆம்பட்ஸ்மன் வெளியிட்ட புகார் விதித்தொகுப்புல முதல் ஸ்டேஜுக்கு 10 வேலை நாள், ரெண்டாவதுக்கு 20னு இருக்கு.

கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போது புகார் கொடுத்தா, கோர்ட் முடியட்டும்னு ஓரமா வெச்சிருவாங்க. அப்படி வெக்கிறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா எழுத்துல சொல்லணும், அந்த லெட்டரைப் பத்திரமா வெச்சுக்கோங்க, கேஸ் முடிஞ்ச வாரமே அதை இணைச்சு மறுபடி அனுப்புங்க. அவங்களே ஞாபகம் வெச்சு எடுப்பாங்கன்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான்.

12 மாசக் கணக்குல எல்லாரும் ஏமாறுற இடம் இது: ஆம்பட்ஸ்மனுக்கு அந்த 12 மாசம் ஆரம்பிக்கிறது விஷயம் உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து, கவுன்சில் கடைசிப் பதில் கொடுத்த நாள்லேர்ந்து இல்ல. கவுன்சில் இழுத்தடிச்சதால லேட் ஆச்சுன்னா அதைச் சொல்லலாம், கருணை காட்டலாம், காட்டாமலும் போகலாம். டைம் தாண்டியும் கவுன்சில்கிட்டேர்ந்து பதில் வரலைன்னா அதோட ஆதாரத்தை வெச்சுக்கிட்டு ஆம்பட்ஸ்மன்கிட்ட போயிருங்க, பதில் வந்தாத்தான் போகணும்னு இல்ல.

6. ஆம்பட்ஸ்மன் ஃபார்ம்ல என்ன எழுதணும்

காசு கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். போடுறதுக்கு முன்னாடி ஒரு அரை நாள் செலவு பண்ணி, அவங்க சைட்ல பழைய முடிவுகளைத் தேடிப் படிங்க. பேர் எடுத்துட்டுப் போட்டிருப்பாங்க. செக்ஷன் 7 ரிப்போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, உங்க கதை மாதிரியே வரிசையா வரும், முடிவும் ஒரே மாதிரி இருக்கும். நான் இதை முதல்லயே பண்ணியிருந்தா அந்த ஒன்பது பக்கத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்த ஒன்பது பக்கம் எப்படி ஆரம்பிச்சுதுன்னா: "சோஷியல் வொர்க்கர் ஆரம்பத்துலேர்ந்தே அம்மா பக்கம். ரிப்போர்ட் முழுக்கப் பொய். இதனால கோர்ட் எனக்கு மாசத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் கொடுத்துச்சு. ரிப்போர்ட்டை மாத்தணும்." நாலு வரியும் கோர்ட் பக்கம். படிக்கிறவங்க ரெண்டாவது வரியிலயே முடிவு பண்ணியிருப்பாங்க.

அடுத்த வருஷம் வேற ஒரு விஷயம் நடந்துச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஏதோ ரெஃபரல் போய் சைல்ட் ப்ரொடெக்ஷன் கான்ஃபரன்ஸ் வெச்சிருக்காங்க, எனக்கு அழைப்பே வரல. அப்புறம்தான் தெரிஞ்சது, நான் வீடு மாறி மெயில்ல புது அட்ரஸ் கொடுத்து, அவங்களும் கிடைச்சுதுன்னு பதில் போட்ட பிறகும், லெட்டர் பழைய அட்ரஸுக்கே போயிருக்கு. இந்தத் தடவை ஒரு பக்கம்தான் எழுதினேன்: "மார்ச் 3ல புது அட்ரஸ் கொடுத்தேன், மார்ச் 4ல கவுன்சில் பதில் போட்டது. ஏப்ரல் 17ல கான்ஃபரன்ஸ் அழைப்பு பழைய அட்ரஸுக்கு அனுப்பப்பட்டது. நான் கலந்துக்க முடியல, என் கருத்து பதிவாகல. மினிட்ஸ் கேட்டு மூணு மெயில், தேதிகள் கீழே. கோர்ட்ல இது சம்பந்தமா எந்தக் கேஸும் இல்ல. எனக்கு வேண்டியது: மன்னிப்பு, மினிட்ஸ், என் கருத்தை ஃபைல்ல சேர்ப்பது, அட்ரஸ் சரிபார்க்கிற முறையை மாத்துறது." எடுத்தாங்க. தப்புன்னு சொன்னாங்க. மன்னிப்பு லெட்டர் ஒண்ணு, 200 பவுண்டு, மினிட்ஸ் வந்துச்சு. காசுன்னா இந்த அளவுதான், நஷ்டஈடு கனவெல்லாம் வேண்டாம்.

ரெண்டு லெட்டரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா தெரியும், ரெண்டாவதுல "பொய்", "பக்கச்சார்பு", "அநியாயம்"னு ஒரு வார்த்தை கூட இல்ல. கோவம் அதுலயும் இருந்துச்சு, தேதியா இருந்துச்சு.

இங்க ஒரு பொறி இருக்கு, சொல்லிடறேன். ரிப்போர்ட்டைத்தான் எடுக்க மாட்டேங்கறாங்க, என் புகாருக்குக் கவுன்சில் லேட்டா பதில் சொன்னதையாவது எடுக்கட்டும்னு திருப்பிப் போடத் தோணும். மூல விஷயத்தையே விசாரிக்க முடியாதப்போ, புகாரை நடத்தின விதத்தை மட்டும் தனியா விசாரிக்கிறது பொதுப் பணத்துக்குச் சரியான செலவு இல்லன்னு சொல்லி வழக்கமா அதையும் விட்டுருவாங்க. எனக்கும் அப்படித்தான் எழுதினாங்க.

அதே மாதிரி, கோர்ட்டுக்கே போகாம, அம்மா குழந்தையைக் காட்ட மாட்டேங்கறாங்க, கவுன்சில் தலையிடலைன்னு புகார் போட்டா, இது ரெண்டு பெற்றோருக்கு நடுவுல இருக்கிற பிரச்சனை, கோர்ட்டுக்குப் போங்கன்னு ரெண்டாவது தடுப்பைக் காட்டுவாங்க. சரியாவும் இருக்கும்.

7. முடிவு வந்ததும் எந்த வார்த்தைன்னு பாருங்க

நிராகரிச்ச லெட்டர்ல ரெண்டு வகை இருக்கு. "விசாரிக்க முடியாது"ன்னு இருந்தா சட்டம் கையைக் கட்டியிருக்கு, நீங்க எவ்வளவு அழுதாலும் அவங்களால முடியாது. "விசாரிக்க மாட்டோம்"னு இருந்தா முடியும், ஆனா வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க, லேட் ஆனது, பாதிப்பு குறைவுன்னு ஏதாவது காரணம். ரெண்டாவது வகைல பேச இடம் இருக்கு. ஒரு மாசத்துக்குள்ள ரிவ்யூ கேட்கலாம். ஏற்கனவே எழுதினதையே பெரிய எழுத்துல எழுதாதீங்க, எந்தத் தகவலைத் தப்பா எடுத்துக்கிட்டாங்க, புதுசா என்ன ஆதாரம்னு மட்டும் காட்டுங்க.

அதுக்கு மேல அப்பீல் கிடையாது. ஹைகோர்ட்ல ஜுடிஷியல் ரிவ்யூன்னு ஒண்ணு இருக்கு, எடுத்த முடிவு சட்டப்படி சரியான்னு பார்க்கிறது, தாமதமில்லாம, எப்படியும் 3 மாசத்துக்குள்ள, தோத்தா எதிர்த்தரப்பு செலவும் உங்க தலையில. செக்ஷன் 7 ரிப்போர்ட்டுக்காக அந்தப் பக்கம் போகலாமான்னு நான் ஒரு வக்கீல்கிட்ட கேட்டேன், அவர் சிரிக்காம இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

8. குழந்தையைப் பார்க்கிறதுக்கு இப்ப என்ன பண்றது

ஆர்டர் இருக்கு, ஆனா எதிர்த்தரப்பு மதிக்கலைன்னா, அதை அமல்படுத்தச் சொல்லிக் கோர்ட்ல கேட்கிற சி79 ஃபார்ம். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், என்ன காரணம் சொன்னாங்கன்னு ஒரு நோட்ல எழுதிக்கிட்டே வாங்க, அதுதான் உங்க சாட்சி. சரியான காரணம் இல்லாம மீறினாங்கன்னு கோர்ட்டுக்குத் தோணினா சம்பளமில்லா வேலை வரைக்கும் உத்தரவு போடலாம்.

ஆர்டரே மாறணும்னா, நிலைமை மாறியிருக்குன்னா, மறுபடி சி100, அதாவது குழந்தை விஷயமா கோர்ட்ல ஆர்டர் கேட்கிற ஃபார்ம். பழைய ரிப்போர்ட் தப்புன்னு மட்டும் சொல்லிக்கிட்டுப் போனா எடுபடாது, அதுக்கப்புறம் என்ன மாறியிருக்குன்னு காட்டணும். ஃபீஸ் 250 பவுண்டுக்கு மேல, வருமானம் கம்மின்னா ஹெல்ப் வித் ஃபீஸ் பாருங்க, அதுக்கு ஈஎக்ஸ்160. அதுக்கு முன்னாடி மீடியேஷன் பத்தி மியாம்னு ஒரு மீட்டிங் போயிருக்கணும், அதுக்கும் காசு. ரெண்டு பேரும் மீடியேஷனுக்கு ஒத்துக்கிட்டா 500 பவுண்டு வரைக்கும் வவுச்சர் கிடைக்குது, கேளுங்க.

நான் அந்த ரெண்டாவது சி100 போட்டது போன வருஷம். இந்தத் தடவை சார்ல வந்த அந்த ஃபோன் குறிப்பு, ஒரு வருஷம் ஒரு விசிட் விடாம போனதுக்கு சென்டர் கொடுத்த அட்டெண்டன்ஸ் ஷீட், ரெண்டு பக்க ஸ்டேட்மெண்ட், இவ்வளவுதான் கொண்டு போனேன். ஆம்பட்ஸ்மன் லெட்டரை எடுத்துட்டுப் போகல, அதை யாரும் கேட்கவும் இல்ல. இப்ப சனிக்கிழமை காலை பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்.